ஒரே ஒயரு, ஒரே பைப்பு, பல கடை

ஆபீஸில் இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த ஒரு மேட்டரை இன்னைக்கு முடிச்சிடலாம்னு உட்கார்ந்துட்டேன். தலைப்பைப் பார்த்துட்டு கவுஜயோன்னு பயந்துடாதீங்க. இது கரண்ட் பில், கேஸ் பில் பத்தின பதிவு. பிரிட்டனில் பொட்டி தட்டிக்கிட்டு இருக்கிற நம்ம மக்களுக்கு நேரடியா உதவும். மத்தவங்க சும்மா வேடிக்கை பார்க்கலாம், கடைசியில் நம்ம ஊர் ஈபி சமாச்சாரமும் கொஞ்சம் வரும்.

நம்ம ஆளுங்ககிட்ட ஒரு விசேஷம் உண்டு. ஈஸ்ட் ஹாமில் பொன்னி அரிசி மூட்டை எந்தக் கடையில் ஒரு பவுண்டு கம்மின்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வாங்க. சென்னைக்கு டிக்கெட் போட நாலு தளம், மூணு பிரவுசர், ரெண்டு ராத்திரி ஆகும். ஆனா "உங்க வீட்டுல ஒரு யூனிட் கரண்ட் என்ன விலை?"ன்னு கேட்டுப் பாருங்க. "மாசம் 140 பவுண்டு டைரக்ட் டெபிட்ல போகுது"ன்னு பதில் வரும். நான் கேட்டது விலை, அவங்க சொன்னது தவணை. வீட்டில் முன்னாடி இருந்தவர் எந்த சப்ளையரை வச்சிருந்தாரோ அதே சப்ளையர்தான் இன்னைக்கு வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கும்.

இந்த விஷயத்தில் எனக்கு ரெண்டு கருத்து. ஒண்ணு, சப்ளையரை மாத்துங்க, இல்லைன்னா அதே சப்ளையர்கிட்ட டேரிஃபையாவது மாத்துங்க. ரெண்டாவது, மாத்தாதவங்களை சோம்பேறின்னு சொல்லிட்டு நகர்ந்து போற ஆளா மட்டும் ஆயிடாதீங்க. ஏன்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல பயத்தைப் போக்கிடறேன். இங்கே வீட்டு கேஸ் விற்பனை 1998-லயும் கரண்ட் விற்பனை 1999-லயும் முழுசா போட்டிக்குத் திறந்து விடப்பட்டது. ஆனா ஒயரும் பைப்பும் யாருக்கும் ரெண்டாவது செட் போடலை. ஒயர் அந்த ஏரியா நெட்வொர்க் கம்பெனியோடது. நீங்க எந்த சப்ளையர்கிட்ட போனாலும் அதே ஒயர், அதே மீட்டர், அதே எலக்ட்ரான். மாறுறது பில் போடுற கடை மட்டும்தான். யாரும் வந்து தோண்ட மாட்டாங்க, ஒரு நிமிஷம் கூட லைட் அணையாது. 2022 ஜூலையில் வந்த புது முறைப்படி அஞ்சு வேலை நாளில் மாறிடலாம். மனசு மாறினா ரத்து பண்ண 14 நாள் டைம் உண்டு.

இப்ப பில். அதில் ரெண்டே சமாச்சாரம்தான் இருக்கு. ஒண்ணு யூனிட் ரேட், அதாவது ஒரு கிலோவாட் அவருக்கு எத்தனை பென்ஸ். இன்னொண்ணு ஸ்டாண்டிங் சார்ஜ். வீட்டைப் பூட்டிட்டு ஒரு மாசம் ஊருக்குப் போனாலும் தினமும் விழுற வாடகை இது.

டிவி செய்தியில் "பிரைஸ் கேப் 1,755 பவுண்டு"ன்னு சொன்னதும், அதுக்கு மேல பில் வராதுன்னு நினைச்சுக்கிட்டு ஹீட்டரை முழு வேகத்தில் விடுற நண்பர்கள் எனக்கு உண்டு. அப்படிக் கிடையாது சாமி! 2019 ஜனவரி 1-ல் வந்த இந்த உச்சவரம்பு யூனிட் ரேட்டுக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும் மட்டும்தான், உங்க மொத்த பில்லுக்கு இல்லை. அந்த 1,755 என்பது வருஷத்துக்கு 2,700 யூனிட் கரண்டும் 11,500 யூனிட் கேஸும் செலவழிக்கிற ஒரு கற்பனை வீட்டோட பில். வடக்கு அயர்லாந்துக்கு இது பொருந்தாது, அங்கே தனி ஏற்பாடு.

2025 அக்டோபர் - டிசம்பர் காலாண்டுக்கு ஆஃப்ஜெம் போட்ட சராசரி வரம்பை உதாரணமா எடுத்துக்கறேன். கரண்ட் யூனிட்டுக்கு 26.35 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு 53.68 பென்ஸ். கேஸ் யூனிட்டுக்கு 6.29 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் 34.03 பென்ஸ். இது மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாறும், ஏரியாவுக்கு ஏரியாவும் மாறும். அதனால எண்ணை விட்டுடுங்க, கணக்குப் போடுற முறையைப் பிடிச்சுக்கங்க. வருஷ யூனிட்டை ரேட்டால் பெருக்கு, 365-ஐ ஸ்டாண்டிங் சார்ஜால் பெருக்கு, ரெண்டையும் கூட்டு. அவ்வளவுதான். நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்சதுக்கு இதுகூட போடலைன்னா எப்படி? :-)

கேஸில் மட்டும் ஒரு சின்ன குழி இருக்கு. மீட்டர் காட்டுறது கன மீட்டர், பில் வர்றது கிலோவாட் அவரில். மீட்டரில் ஓடினதை 1.02264-ஆல் பெருக்கி, கேஸோட வெப்ப மதிப்பால் (சுமாரா 39) பெருக்கி, 3.6-ஆல் வகுக்கணும். கண்ணை மூடிக்கிட்டு ஒரு கன மீட்டருக்கு 11 யூனிட்னு வச்சுக்கலாம். பழைய வீடுகளில் கன அடி மீட்டர் இன்னும் இருக்கு. அதோட ஒரு எண் 2.83 கன மீட்டர். சப்ளையர் ரெண்டையும் மாத்திப் பதிவு பண்ணிட்டா பில் கிட்டத்தட்ட மூணு மடங்கு ஏறும், இல்லை மூணுல ஒண்ணாக் குறையும். குறைஞ்சா சந்தோஷப்படாதீங்க, பின்னாடி ஒருநாள் கேட்பாங்க. ஆனா அவங்க தப்பால விட்டுப்போனதை 12 மாசத்துக்கு மேல பின்னோக்கி வசூலிக்க முடியாதுன்னு 2018-லிருந்து விதி இருக்கு.

மாத்தறதுக்கு முன்னாடி கையில் இருக்க வேண்டியது: போன வருஷ யூனிட் கணக்கு (பில்லிலேயே இருக்கும்), இப்போதைய டேரிஃப் பேரு, அது முடியுற தேதி, எக்ஸிட் ஃபீ இருக்கா இல்லையா. ஃபிக்ஸ்ட் டேரிஃபில் கடைசி 49 நாளில் விலகினா எக்ஸிட் ஃபீ வாங்கக் கூடாது. ஒப்பீட்டுத் தளத்தில் பார்க்கும்போது எல்லா டேரிஃபையும் காட்டச் சொல்லுங்க. அவங்களுக்கு கமிஷன் தர்ற கம்பெனியை மட்டும் முன்னாடி காட்டுற தளங்கள் உண்டு. "வருஷம் இவ்வளவு மிச்சம்"ங்கிற பெரிய எழுத்தை நம்பாம, யூனிட் ரேட்டையும் ஸ்டாண்டிங் சார்ஜையும் எடுத்து உங்க யூனிட்டோட பெருக்கிப் பாருங்க. பெரிய குடும்பத்துக்கு லாபமான டேரிஃப் தனி ஆளுக்கு நஷ்டமா இருக்கலாம்.

ஃபிக்ஸ்ட் போட்டா பில் ஃபிக்ஸ் ஆகாது, ரேட்தான் ஃபிக்ஸ் ஆகும். அதுவும் ஒரு பந்தயம்தான். 2025 ஏப்ரலில் 1,849-ஆ இருந்த கேப் ஜூலையில் 1,720-க்கு இறங்கினது. ஏப்ரலில் பதறிப் போய் 1,849-க்கே ஒரு வருஷத்துக்கு பூட்டு போட்டவங்க தலையில் கை வச்சிருப்பாங்க. கேப்பை விட தெளிவா கம்மியா இருந்தா ஃபிக்ஸ் பண்ணலாம். பத்து பவுண்டு வித்தியாசத்துக்கு 100 பவுண்டு எக்ஸிட் ஃபீயில் போய் மாட்டிக்க வேணாம்.

இதுவரைக்கும் சொன்னது எல்லா இடத்துலயும் கிடைக்கும். இனிமே சொல்றதுதான் நான் உண்மையில் எழுத வந்தது.

ஹாரோவில் எனக்குத் தெரிஞ்ச ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி இருக்காங்க. தனியா இருக்காங்க, எழுபதைத் தாண்டிட்டாங்க. பல வருஷமா ஒரே சப்ளையர். "மாத்திக் குடுக்கட்டா அன்ரி?"ன்னு கேட்டேன். "வேண்டாம் தம்பி, இடையில கரண்ட் நிண்டு போச்சுதெண்டா ஆர் வருவினம்? குளிர் காலத்தில எனக்கு இந்த விசர் வேலை ஏன்?"ன்னாங்க. பில்லை எடுத்துப் பார்த்தா அவங்க கணக்கில் 340 பவுண்டு மிச்சமா நிக்குது! யூனிட்டுக்கு மேல டைரக்ட் டெபிட் எடுத்து சேர்த்து வச்சிருக்காங்க. அன்ரியோ காசு போயிடும்னு பயந்து ஹீட்டரைப் போடாம ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அது அவங்க காசு, கேட்டா திருப்பித் தரணும். கேட்கணும்னு அவங்களுக்கு யார் சொன்னா? ஒரு போன் பேசினோம், காசு வந்தது. சப்ளையரை மாத்த மட்டும் இன்னும் சம்மதிக்கலை.

இவங்களை சோம்பேறின்னு சொல்லுவீங்களா? இந்த ஊர் போட்டி ஆணையமே 2016-ல் விசாரணை நடத்தி, அப்போதைய ஆறு பெரிய கம்பெனிகளோட வீட்டு வாடிக்கையாளர்களில் சுமார் 70 சதவீதம் பேர் அதிக விலை சாதாரண டேரிஃபில்தான் இருக்காங்கன்னு சொன்னது. 2012-லிருந்து 2015 வரைக்கும் மக்கள் வருஷத்துக்கு சராசரியா 140 கோடி பவுண்டு கூடுதலா கொடுத்திருக்காங்கன்னும் கணக்கு சொன்னது. நூத்துல எழுபது பேர் ஃபெயிலானா தப்பு பசங்க மேலயா, கொஸ்டின் பேப்பர் மேலயா? அந்த விசாரணைக்கு அப்புறம்தான் 2018-ல் சட்டம் வந்தது, 2019-ல் கேப் வந்தது.

மாத்தினவங்க கதையும் முழு வெற்றி இல்லை. 2021-ல் கேஸ் விலை எகிறினப்போ, மலிவா கொடுத்துக்கிட்டு இருந்த சின்ன கம்பெனிகள் முப்பது வரைக்கும் வரிசையா மூடினாங்க. யாருக்கும் கரண்ட் நிக்கலை, வாடிக்கையாளரோட மிச்சக் காசும் போகலை, வேற கம்பெனிக்கு மாத்தி விட்டாங்க. ஆனா அந்த இழப்பை யார் கட்டினது? 2022 ஏப்ரலில் கரண்ட் ஸ்டாண்டிங் சார்ஜ் சராசரி 25 பென்ஸிலிருந்து 45 பென்ஸுக்கு ஏறினதில் அதுவும் ஒரு காரணம். ஒருநாள் கூட மாத்தாத அன்ரியும் சேர்ந்துதான் கட்டினாங்க.

இந்த ஸ்டாண்டிங் சார்ஜ்தான் எனக்கு நெருடுற இடம். மேல சொன்ன 2025 கடைசி ரேட்டில், வருஷத்துக்கு 1,000 யூனிட் கரண்ட் மட்டும் செலவழிக்கிறவருக்கு எல்லாம் சேர்த்து யூனிட் 46 பென்ஸ் ஆகுது. 4,100 யூனிட் செலவழிக்கிற பெரிய வீட்டுக்கு 31 பென்ஸ்தான். கம்மியா செலவழிச்சா யூனிட் விலை அதிகம்! நம்ம ஊரில் தலைகீழ். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் வரைக்கும் வீடுகளுக்கு 2016-லிருந்து இலவசம், மேல போகப் போக ஸ்லாப் ஏறும். குண்டு பல்பும் ஃபேனும் உள்ள வீட்டை நாலு ஏசி வீட்டிலிருந்து பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்ச முறை அது.

நம்ம ஊர் முறை சொர்க்கம்னு சொல்ல வரலை. மின்வாரியம் கடனில் மூழ்கினது ஊருக்கே தெரியும். ஸ்லாப் முறையை அப்படியே இங்கே கொண்டு வந்தாலும் சிக்கல்தான். உடம்பு முடியாம நாள் பூரா வீட்டிலிருக்கிற ஏழைக்கு, எலக்ட்ரிக் ஹீட்டர் மட்டுமே உள்ள ஃபிளாட்டில் யூனிட் அதிகமா ஓடும். அவரைப் பணக்காரர்னு எடுத்துக்கிட்டா அநியாயம். ஆனா முதல் சில யூனிட்டாவது மலிவா, ஸ்டாண்டிங் சார்ஜ் இல்லாம எல்லாருக்கும் கிடைக்கணும்னுதான் நான் சொல்வேன். குளிர்காலத்தில் உயிரோட இருக்க ஒருத்தர் ஒப்பீட்டுத் தளத்தில் கெட்டிக்காரரா இருக்கணும்னு அவசியம் இருக்கக் கூடாது.

அது வர்ற வரைக்கும் நாமதான் ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கணும். வாடகை வீட்டில் இருந்தாலும், பில் உங்க பேரில் வந்தா மாத்த உங்களுக்கு உரிமை உண்டு. ரூம் எடுத்துத் தங்கி ஓனர்கிட்ட கரண்ட் காசு தனியா கொடுக்கிற மாணவர்கள், தாங்க வாங்கின விலைக்கு மேல ஓனர் யூனிட்டை விற்கக் கூடாதுன்னு விதி இருக்கிறதைத் தெரிஞ்சுக்கங்க. ப்ரீபேமெண்ட் மீட்டரில் கடன் இருந்தாலும், கேஸுக்கு 500, கரண்டுக்கு 500 பவுண்டு வரைக்கும்னா கடனோடவே மாறலாம். புகார் கொடுத்து எட்டு வாரம் ஆகியும் தீரலைன்னா எனர்ஜி ஆம்புட்ஸ்மன்கிட்ட போகலாம், செலவில்லை.

இந்த சனிக்கிழமை உங்க பில்லுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்க. அது முடிஞ்சதும் கோயிலில் பார்க்கிற ஒரு அம்மா, பக்கத்து வீட்டு அன்ரி, புதுசா வந்த ஒரு ஸ்டூடண்ட், யாராவது ஒருத்தரோட பில்லுக்கு இன்னொரு அரை மணி நேரம். உங்க பில்லில் மிச்சமாகிறதை விட அந்த ரெண்டாவது பில்லில் மிச்சமாகிறதுக்கு மதிப்பு அதிகம். மாத்துக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்தில் கும்மலாம், தயார்!

டிஸ்கி: நான் நிதி ஆலோசகர் இல்லை, சாதாரண பொட்டி தட்டுற ஆளு. எந்தக் கம்பெனியோட ரெஃபரல் கோடும் இந்தப் பதிவில் ஒளிஞ்சிருக்கலை. தேடிப் பார்த்துக்கங்க :-)