காசே வேணாமாம்... அடப் போங்கப்பா!

நண்பர் ஒருத்தர் அடிச்சுச் சொல்றார்: "இன்னும் பத்தே வருஷம்... ரூபா நோட்டை மியூசியத்துலதான் பாக்கணும்!" ஏசி ரூம்ல உக்காந்து யோசிச்சா அப்படித்தாங்க தோணும்.

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீயும் வடையும் முடிச்சுட்டு போனை நீட்டுறேன். சுத்துது... சுத்துது... சுத்திக்கிட்டே இருக்கு. அன்னிக்கு நாடு பூரா யூபிஐ படுத்துருச்சு. பாக்கெட்டுல பத்து ரூபா கிடையாது. "இருக்கட்டும்ணே, நாளைக்குக் குடுங்க"ன்னார் கடைக்காரர். தெரிஞ்ச மூஞ்சிங்கிறதால தப்பிச்சேன். வெளியூர்க்காரனா இருந்தா?

யூபிஐயே வேண்டாம்னு சொல்ல வரலை. 2016-ல் வந்த சமாச்சாரம், 2025 ஆகஸ்டில் ஒரே மாசத்துல 2,000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டிருச்சு. நானும் தினமும் ஸ்கேன் பண்றவன்தான். ஆனா ரொக்கம் ஒழிஞ்சுதா? 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாதுன்னு சொன்னப்ப புழக்கத்தில் இருந்த பணம் சுமார் 18 லட்சம் கோடி ரூபாய். 2025 மார்ச்சில் 36 லட்சம் கோடிக்கும் மேல. அதாவது ரெண்டு மடங்கு! ஒழிச்ச லட்சணம் இது.

சரி, கணக்கை விடுங்க. நிலக்கோட்டைப் பக்கம் விடியறதுக்கு முன்னாடியே மல்லிகை பறிக்கப் போற அக்காக்களை யோசிச்சுப் பாருங்க. பல வீட்டுல ஸ்மார்ட்போன் ஒண்ணுதான், அதுவும் புருஷன் கையில. கூலி அந்த போனுக்கு வந்தா, டாஸ்மாக் சுத்திட்டுத்தான் வீட்டுக்கு வரும். கையில வாங்கின நோட்டுன்னா நேரா அஞ்சறைப்பெட்டிக்குப் போகும். பிள்ளைக்கு ஃபீஸ், ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அதுலதான். 2016-ல் அந்தப் பெட்டியையும் திறக்க வெச்சாங்க. "ஏதுடி இவ்வளவு காசு?"ன்னு எத்தனை வீட்டுல கேள்வி வந்துச்சுன்னு எந்த பேங்குலயும் கணக்கு இருக்காது.

கார்டுலயே காலம் தள்ற சுவீடனைப் பாருங்க. அந்த அரசாங்கமே ஜனங்ககிட்ட, "அவசரத்துக்கு வீட்டுல கொஞ்சம் ரொக்கம் வெச்சுக்கோங்க"ன்னு சொல்லுது. நார்வேயில கடையில ரொக்கமா குடுக்கிற உரிமையை 2024-ல் சட்டம் போட்டு பலப்படுத்தியிருக்காங்க. அனுபவிச்சவன் சொல்றான், நாம கேக்க மாட்டோமா?

பாதி ஜனம், முக்கால்வாசி ஜனம் ஸ்கேன் பண்ணட்டும், சந்தோஷம். "முழுசா" மாறணும்னு சொல்றப்பதான் எனக்குக் கோபம் வருது. அந்த "முழுசா"வுக்குள்ள அந்த அக்காவோட அஞ்சறைப்பெட்டியும் போயிரும். "கேஷ் வாங்க மாட்டோம்"னு போர்டு வெச்ச கடைக்கு நான் போறதில்லை. நீங்க?

டிஸ்கி: அந்த டீக்கடை பாக்கியை மறுநாளே குடுத்தாச்சு. ரொக்கமாத்தான் :-)