கூடிக் கற்போர் தமிழிற் கற்கட்டும்!

தமிழ்வழிப் பயின்ற சிற்றூர்ப் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியின் கதவு சற்றே திறந்தது 2020இல்தான். அரசுப்பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ளொதுக்கீடு அவ்வாண்டு சட்டமாயிற்று. வடகரையிலும் பண்பொழியிலும் உள்ள ஏழைப் பெற்றோரும் இனி அக்கனவு காணலாம். ஆனால், உள்ளே எம்மொழி ஆள்கின்றது?

2019இல் வந்த புதிய பாடத்திட்டம் விரிவுரையைக் குறைத்து, சிறு குழுவாய்க் கூடிக் கற்பதை வலியுறுத்துகின்றது. முறை நன்றே. கனடாவின் மக்மாசுட்டர் பல்கலைக்கழகம் 1969இல் இவ்வழியில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிற்று. நோயாளி ஒருவரின் நிலை குழுவின்முன் வைக்கப்படும். ஒருவர் குருதியோட்டத்தை ஆய்ந்து வருவார். மற்றொருவர் மருந்தை ஆய்ந்து வருவார். பின் ஒருவர்க்கொருவர் கற்பிப்பர். பிறர்க்கு விளக்கப் புகுங்கால்தான் தன் அறிவின் ஓட்டை தனக்கே புலப்படும்.

நமக்கு இது புதிதன்று. நம் திண்ணைப்பள்ளியில் மணலில் எழுதிப் பழகும் முறையைக் கண்டு கைக்கொண்ட ஆண்டுரூ பெல், மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைச் சென்னை எழும்பூரில் அமைத்து, 1797இல் இலண்டனில் நூலாக்கினார். 'சென்னை முறை' என்றே அது இங்கிலாந்திற் பரவியது. நம் சட்டாம்பிள்ளையோ அவர்க்கு முன்பே அப்பணியைச் செய்துகொண்டிருந்தான். தமிழிற் செய்தான் என்பதே இங்குக் கருதத்தக்கது!

இன்றோ, கூறாய்வு மேசையைச் சுற்றி நிற்கும் குழுவில் ஆங்கிலம் பழகியவன் விளக்குகின்றான். தமிழ்வழி வந்தவள் விடை தெரிந்தும் வாய்திறவாள். கற்பிக்காதவள் பாதியே கற்கின்றாள். நாளை அவளிடம் வரும் நோயாளி 'விலாப் பிடிக்கிறது' என்றுதான் சொல்லப் போகின்றார். அவர்க்கு ஆங்கிலம் எதற்கு?

தமிழில் இயலாது என்பார் யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் பார்க்கட்டும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864 முதல் தமிழிலேயே கற்பித்து, 33 பேரை மருத்துவராக்கினார். அவரிடம் பயின்ற மாணவரே மொழிபெயர்ப்பிற்குத் தோள்கொடுத்தனர். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தன. பெயரில் வடசொல் மலிந்ததென முகஞ்சுளிக்கலாம். களைவது நம் வேலை. நூலையே ஆக்காதிருந்துகொண்டு அவரைக் குறைகூற நமக்கு என்ன தகுதி?

நாம் கேட்பது பெரிதன்று. முதலாண்டின் உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றிலேனும் குழு உரையாடல் தமிழில் நிகழட்டும். வாய்மொழித் தேர்வில் தமிழில் விடைகூற உரிமை வேண்டும். கல்லூரிதோறும் மூத்த மாணவர் இருவரேனும் தமிழ்வழி வந்தார்க்குத் துணைக் கற்பிப்பாளராய் அமர்த்தப்படல் வேண்டும். நெல்லை மருத்துவக் கல்லூரியிலேயே இதனைத் தொடங்கலாம்.