பாடம் மாற வருபவனிடம் என்ன சொல்கிறோம்?

ஆண்டுதோறும் கல்லூரி திறந்த இரண்டாம் வாரத்தில், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் அதைச் சுற்றிய ஊர்களிலிருந்தும் விருத்தாசலத்துக்குப் பேருந்தேறி வரும் பிள்ளைகளில் இருவரோ மூவரோ தயங்கித் தயங்கித் துறைத்தலைவர் அறை வாசலில் நிற்பார்கள். "ஐயா, பாடம் மாத்திக்கலாமா?" நாம் சொல்லும் விடை மனப்பாடமானது. "எதையாச்சும் ஒழுங்கா முடி. டிகிரிதான் முக்கியம். பிடிச்சத எம்.ஏ.ல படிச்சிக்க."

இதைப் போல் பொறுப்பற்ற அறிவுரை வேறில்லை என்பது நம் கட்சி.

வேதியியல் முடித்தவனுக்கு எம்.ஏ. தமிழில் இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுநிலைத் தமிழாசிரியர் பணிக்கு அவன் விண்ணப்பிக்கும்போது, இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இல்லையென்று ஆசிரியர் தேர்வு வாரியம் ஒதுக்கிவிடும். 'கிராஸ் மேஜர்' என்ற சொல்லை ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிறகே அவன் முதன்முறையாகக் கேட்கிறான். முன்பே சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம்.

எதிர்த்திசை இன்னும் கொடிது. பதினோராம் வகுப்பில் கலைப்பிரிவு எடுத்தவள் இயற்பியலுக்கு மாற இயலாது. அந்தக் கதவு பதினைந்து வயதிலேயே சாத்தப்பட்டுவிட்டது. வரலாறோ பொருளியலோ காலியாக இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லலாமே? மாட்டோம். "தமிழ் வேண்டாம்" என்று ஒருத்தி சொல்லிவிட்டால் தாய்மொழிப் பற்று குறித்து அரைமணி நேரப் பேருரை வேறு! தரவரிசையில் மிஞ்சிய இடம் என்பதற்காகத் தமிழுக்குள் தள்ளப்பட்டவளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தமிழுக்கு என்ன ஆதாயம்? (வகுப்பில் தலை குறையுமே என்ற அச்சம் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.)

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 1976இல் அமெரிக்காவில் இயற்பியல் முனைவர் பட்டம் பெற்ற பின்னர், உயிரியல் கற்க மறுபடியும் மாணவராகச் சேர்ந்தவர். 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது நம்மூர்க்காரர் என்று கைதட்டினோம். அவர் நம் அறை வாசலில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

அமெரிக்கா வேறு, முந்திரிக்காட்டுக் கூலியில் மகனைப் படிக்கவைக்கும் வீடு வேறு. அங்கே ஓராண்டு இழப்பு சிறிதன்று என்பார்கள். மறுக்கவில்லை. ஆகவேதான் சேர்க்கை முடியுமுன், இடங்கள் காலியாக இருக்கும்போதே பேசுங்கள் என்கிறோம். நான்கு தாள்கள் அரியர் விழுந்து மூன்றாம் பருவத்தில் நிற்பவனுக்குச் சொல்ல யாரிடமும் எதுவுமில்லை. வாரியத்தின் தகுதி விதிகளை நகலெடுத்துத் துறை வாசலில் ஒட்ட ஆகும் செலவு சில ரூபாய்கள்.