வயலுக்கு வரும் அலுவலர்
கென்யாவில் வேளாண் விரிவாக்கத்தை, அதாவது ஆய்வுக்கூடத்தின் அறிவை வயலுக்கும் வயலின் சிக்கலை ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டுசெல்லும் அரசுப் பணியை, கைப்பேசிக் குறுஞ்செய்திகளிடமும் இடுபொருள் விற்பவர்களிடமும் விட்டுவிடும் போக்கு ஏற்கத்தக்கதன்று. 2010ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டப்படி இப்பொறுப்பு கவுன்டி எனப்படும் 47 மாவட்ட அரசுகளுக்குச் சென்றது. அதிகாரம் சென்ற வேகத்தில் நிதி செல்லவில்லை. 2017இல் மக்காச்சோளப் படைப்புழு அந்நாட்டில் பரவியபோது, குருத்துக்குள் ஒளிந்திருக்கும் புழுவை அடையாளம் காட்டி, எப்பருவத்தில் மருந்து தெளித்தால் பயன் என்று உரைப்பதற்கு, வயலில் இறங்கிப் பார்க்கும் பயிற்சி பெற்ற கண் தேவைப்பட்டது. மழை வரும் நாளைக் குறுஞ்செய்தி தாராளமாக அறிவிக்கட்டும். மருந்தை விற்பவரே அதன் தேவையையும் தீர்மானிப்பதுதான் பொருந்தாது. மாவட்ட அரசுகள் கள அலுவலர்களின் ஊதியத்துக்கும் (மறக்கப்படுவதற்கென்றே உள்ள) பயணச் செலவுக்கும் தனி நிதி ஒதுக்கி, காலியிடங்களை அடுத்த விதைப்புக்கு முன் நிரப்ப வேண்டும்.