சிரிப்பு முடிந்த பிறகும் இரண்டு நிமிடம்



குறும்படம் எடுக்கத் தொடங்கும் நம் வாலிபர்கள் அநேகமாக முதலில் எடுப்பது சிரிப்புப் படம்தான். பனியில் மூடிய காரைத் தேடும் மாமா, இடியப்பம் பிழிய முயலும் புது மாப்பிள்ளை, ஊருக்குத் தொலைபேசியில் கத்திக் கதைக்கும் அம்மம்மா. ஐந்தே நிமிடம். நத்தார் விழாவில் போட்டால் மண்டபம் குலுங்கும். அடுத்த வருடம், "அக்கா, இந்த முறை சீரியஸான கதை. நீங்கள் நர்ஸ்தானே, ஆஸ்பத்திரிக் காட்சியை ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ" என்று வருவார்கள்.

வாசித்தால், முதல் படத்தில் உயிரோடு நடமாடிய மனிதர்களைக் காணவில்லை. மழை பெய்கிறது. வயலின் அழுகிறது. எல்லோரும் அழுகிறார்கள். கடைசியில் ஒருவர் இறக்கிறார்.

இதற்குக் காரணம் உண்டு. சிரிப்புப் படத்துக்கு உடனே மார்க் கிடைத்துவிடும். சனம் சிரித்தால் காட்சி சரி, இல்லையென்றால் வெட்டிவிடலாம். சோகக் கதைக்கு மண்டபம் அமைதியாக இருக்கும். உருகிப்போன அமைதியா, அலுத்துப்போன அமைதியா என்று தெரியாது. அந்தப் பயத்தில்தான் கண்ணீரையும் இசையையும் கூட்டிக்கொண்டே போகிறோம்.

வார்டில் நான் பார்ப்பது வேறு. கெட்ட செய்தி கேட்டதும் கதறுகிறவர்கள் குறைவு. பார்க்கிங் நேரம் முடியப்போகிறதே என்பார் ஒருவர். மூன்று மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டி வருவது என்று யோசிப்பார் இன்னொருவர். சிலர் பகிடி விடுவார்கள். அந்தப் பகிடிதான் நமக்குத் தாங்க முடியாமல் இருக்கும்.

இதைத் தமிழ் சினிமா 60 வருடங்களுக்கு முன்பே கண்டுகொண்டது. 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் சினிமா எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக வந்து, அப்பா பாலையாவுக்குக் கதை சொல்லியே பயமுறுத்திய நாகேஷை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்த வருடம், கே. பாலசந்தர் தாம் எழுதிய மேடை நாடகமான 'நீர்க்குமிழி'யைத் தம் முதல் படமாக இயக்கினார். கதை ஒரு மருத்துவமனைக்குள் நடக்கிறது. குணமாகாத நோயுள்ள சேதுவாக நடித்தவர் அதே நாகேஷ். அவருடைய குறும்பை பாலசந்தர் பறித்துவிடவில்லை. சேது வார்டு முழுவதையும் சிரிக்க வைக்கிறார். நோய் என்னவென்று அறிந்த நமக்கோ அந்தச் சிரிப்பு தொண்டையில் அடைக்கிறது.

சார்லி சாப்ளின் 1923இல் 'எ வுமன் ஆஃப் பாரிஸ்' என்று ஒரு முழுச் சோகப் படம் எடுத்தார். தாம் ஒரு சில நொடிகள் மட்டுமே தலைகாட்டினார். விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், சனம் ஏமாந்து போனது. 1931இல் 'சிட்டி லைட்ஸ்' படத்தில் பழைய தொப்பியோடும் கைத்தடியோடும் வந்தே பார்த்தவர்களை அழ வைத்தார்.

ஆகவே புதுக்கதை தேட வேண்டாம். பழைய படத்தில் சனம் சிரித்து முடித்த இடத்தில் கேமராவை நிறுத்தாமல், இன்னும் இரண்டு நிமிடம் அங்கேயே இருங்கள். அம்மம்மா ஏன் கத்திக் கதைக்கிறா? மறுமுனையில் இருக்கும் தங்கச்சிக்குக் காது கேட்பது குறைந்து வருகிறது. கூடப் பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பது அந்தத் தங்கச்சி மட்டும்தான். தொலைபேசியை வைத்த பிறகு அம்மம்மா என்ன செய்கிறா? அதைக் காட்டுங்கள். இசை வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் போதும். பிக்கரிங் கோ நிலையத்தின் நடைபாலம் பார்க்க அழகுதான். ஆனாலும் இந்தக் கதைக்கு ஒரு சமையலறையே தாராளம். எடுத்ததை முதலில் நாலைந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்களுடைய முகங்களைப் பாருங்கள். யார் கைத்தொலைபேசியைத் தொடுகிறார்களோ, அந்த இடத்தைக் குறுக்குங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். என் நோயாளிகளின் கதையை என்னிடம் கேட்காதீர்கள். ஒன்ராறியோச் சட்டமும் விடாது, என் மனமும் விடாது. உங்கள் வீட்டுக் கதைக்கும் அதே மரியாதை வேண்டும். அம்மா யுத்தத்தில் இழந்ததையும் தாத்தாவின் மறதியையும் பகிடியாக எடுத்தபோது யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டீர்கள். அவர்களும் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். துக்கமாக எடுக்கும்போது கட்டாயம் கேளுங்கள். "வேண்டாம், பிள்ளை" என்றால் அந்தக் கதையை விட்டுவிடுங்கள். "சரி" என்றால், மண்டபத்தில் போடுவதற்கு முன் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா