எந்தக் கடற்பன்றி?

விலங்கியல் பெயர்களைப் பற்றி எழுதினால் "வேலையற்றவர்களின் விளையாட்டு" என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. செய்தியாசிரியர்கள் சிலரும் அக்கட்சியே. இலத்தீன் பெயர் கண்ணில் பட்டால் போதும், அடித்துவிடுவார்கள். நாளிதழ் மேசையில் பல்லாண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது சிக்கனமன்று, அறியாமை.

இறக்கக்கண்டிக் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் கடற்பன்றியைப் பற்றி விசாரித்தேன். "எந்தக் கடற்பன்றி ஐயா? புல்லு மேயிறதோ, மீன் பிடிக்கிறதோ?" என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. ஈழத்துக் கடலோரங்களில் கடற்பசுவுக்கு வழங்கும் பெயர் அது. ஓங்கிலுக்கு உறவான வேறொரு விலங்கையும் அப்பெயராலேயே குறிக்கிறோம். தமிழகக் கரைக்குப் போனால் கடற்பசு ஆவுளியா ஆகிவிடும். மக்கள் வழக்குகளில் எதையும் கைவிட வேண்டா. ஆனால் "வலையில் சிக்கிக் கடற்பன்றி இறந்தது" என்று அச்சிட்டால், இறந்தது எது?

இக்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. லின்னேயசு 1758-இல் 'டிரிக்கெக்கசு' என்ற பெயரை அமெரிக்கக் கடற்பசுவான மானட்டிக்குச் சூட்டினார். 1766-இல் வடதுருவத்து வால்ரசையும் அதனுள் சேர்த்தார். பின்வந்த நூல்களில் அப்பெயரைக் கண்டவர்கள் மானட்டியா, வால்ரசா என்று ஐயுற நேர்ந்தது. வால்ரசுக்கு 'ஓடோபீனசு' என்னும் பெயரை உறுதிசெய்து, பன்னாட்டு விலங்கியல் பெயரீட்டு ஆணையம் 1957-இல் தீர்ப்பளித்தது.

நம் கடற்பசுவின் பெயர் 'டூகோங் டூகோன்'. இரண்டாம் சொல்லின் ஈறு அச்சுப்பிழை அன்று. 1776-இல் மியுல்லர் எழுதியபடியே காக்க வேண்டும் என்பது விதி. நம் மேசைகளில் அதையும் 'திருத்தி' விடுவார்கள்!

கடற்பசுவின் நெருங்கிய உறவு யானை. ஆசிய யானைக்குப் பெயரிட லின்னேயசு சான்றாகக் கொண்ட கரு, ஆப்பிரிக்க யானையினுடையது என்று 2013-இல் வெளியான மரபணு, புரத ஆய்வு காட்டியது. அதற்குப் பதிலாகப் புளோரன்சு நகரத்து எலும்புக்கூடு ஒன்று சான்றுருவாக நியமிக்கப்பட்டது. அது 1655-இல் அங்கே மாண்ட ஆன்சுகென் என்னும் இலங்கை யானையினுடையது. 250 ஆண்டுகளுக்குப் பின்னும் பிழையைத் திருத்துவது விளையாட்டா?

மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் கடற்பசுக்கள் அருகிவிட்டன. 2022-இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அவற்றின் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. எஞ்சியவற்றுள் ஒன்று இறந்தாலும் அது கணக்கில் ஏற வேண்டும். பெயர் பிழைத்தால் கணக்கும் பிழைக்கும்.

ஊர்ப்பெயரை எழுதுங்கள். அருகிலேயே அறிவியற்பெயரையும் தமிழெழுத்தில் எழுதுங்கள். இராசிபலனுக்கு அரைப்பக்கம் ஒதுக்கும் இதழ்களுக்கு இந்த இரண்டு சொற்களுக்கா இடமில்லை?