மைக்கை அந்த வாப்பாவிடமே கொடுக்கிறேன்



"சிலபஸில இல்லாததப் படிப்பிச்சு நேரத்த வீணாக்குறாராம் சேர்" என்று ஒரு பிள்ளையின் வாப்பா சொல்லித் திரிகிறாராம். சரி, பேசுவோம்.

உயர்தர பௌதிகவியலில் செயற்பாட்டு விரியலாக்கியின் நயம் என்றால் இரண்டு தடைகளின் விகிதம். பிள்ளைகள் பாடமாக்கி எழுதிவிட்டுப் போகிறார்கள். சத்தம் கூடும்போது நயம் தானாகக் குறைய வேண்டுமென்றால்? யார் ஓடிப்போய்த் தடையை மாற்றுவது?

நான் காட்டியது எல்எம்13700 என்ற சின்ன ஐசி. உள்ளே இரண்டு ஓடிஏ, அதாவது ஒப்பரேஷனல் ட்ரான்ஸ்கொண்டக்டன்ஸ் விரியலாக்கி. வோல்ற்றளவைக் கொடுத்தால் ஓட்டமாக வெளியே தரும். எவ்வளவு தரும் என்பதை இன்னொரு காலுக்குக் கொடுக்கும் சிறிய ஓட்டம் தீர்மானிக்கும். அதை இரட்டித்தால் நயமும் இரட்டிக்கும். வெளியீட்டைச் சீராக்கி ஒப்பமாக்கி, அது கூடும்போது இந்த ஓட்டம் குறையும்படி இணைத்துவிட்டால், மைக்கில் கத்துபவரும் முணுமுணுப்பவரும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்பார்கள். (உள்ளீடு சில பத்து மில்லிவோல்ற்றைத் தாண்டினால் குரல் சிதையும். சிதைய வைத்தும் காட்டினேன், வகுப்பே சிரித்தது.)

ட்ரான்சிஸ்டரை ஒரு கிழமை, விரியலாக்கியை இன்னொரு கிழமை படித்த பிள்ளைகள் இரண்டும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் கண்டார்கள். போனது ஒரேயொரு பாடவேளை. கடந்தகால வினாத்தாள் செய்ய மிச்சமெல்லாம் இருக்கிறதே!

புதன்கிழமை திரும்பவும் செய்வேன். அந்த வாப்பாவும் வரட்டும்.